கிருஷ்ணகிரி ரேபிட் போட்டியில் எவன்ஸ் காம்பிட்

கிருஷ்ணகிரிக்காரன்:

உள்ளூர் செஸ் போட்டிகளில் இப்போது எந்தப் பலகையை எட்டிப் பார்த்தாலும் லண்டன் சிஸ்டம் என்ற தொடக்க முறைதான். யூடியூப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் எதிராளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் காய்களை அடுக்கிவிடுகிறார்கள். அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான், கிருஷ்ணகிரிக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த ரேபிட் (குறைந்த நேர) போட்டியில் பாலக்கோட்டுப் பெரியவர் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியராம். வெள்ளைக் காய் அவருக்கு. வழக்கமான இத்தாலியன் தொடக்கம் என்று நினைத்தேன். நான்காவது நகர்த்தலில் பி4 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளினார். கடிகாரத்தைத் தட்டிவிட்டு, நிதானமாகக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

எவன்ஸ் காம்பிட்! காம்பிட் என்றால் தொடக்கத்திலேயே காயைப் பலிகொடுத்து ஆடுவது. இது 1820-களில் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற கப்பல் கேப்டன் ஆடத் தொடங்கியது. சிப்பாயைத் தின்னக் கொடுத்து, தின்ற பிஷப்பை சி3-க்குத் தள்ளும் சிப்பாயால் விரட்டி, டி4-க்கு இன்னொன்றைத் தள்ளி நடுக்களத்தைப் பிடிப்பதுதான் திட்டம். கறுப்பு பேராசைப்பட்டால் ராஜா மட்டுமே காக்கும் எஃப்7-இல் அடி விழும்.

நான் வாங்கிக்கொண்டேன், ஆனால் கட்டிக்காக்கவில்லை. பிஷப்பை ஏ5-க்கு இழுத்து, டி6-க்குச் சிப்பாயைத் தள்ளினேன். அவர் கேஸ்லிங் செய்து ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோனதும் பிஷப்பை பி6-க்கு நகர்த்தினேன். முன்னாள் உலக சாம்பியன் லாஸ்கர் காட்டிய வழி. வெள்ளை ஆடுபவர் இழந்த சிப்பாய்க்கு ஈடாக ஒன்றை எடுக்கலாம், ஆனால் ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும். பெரியவர் இங்கே நெடுநேரம் யோசித்தார். ராணி இல்லாத காம்பிட் உப்பில்லாத களிதானே! கடைசியில் எடுத்துக்கொண்டார். ஏ, சி வரிசைகளில் துணையின்றி நின்ற அவருடைய சிப்பாய்களைப் பொறுக்கியதுதான் மீதி ஆட்டம். அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை.

கை கொடுத்துவிட்டு எழுவார் என்று பார்த்தால், காய்களை மறுபடி அடுக்கினார். "தம்பி, 1995-இல் ரிகாவில் காஸ்பரோவ் இதே பி4 ஆடித்தான் ஆனந்தை 25 நகர்த்தலில் முடித்தார்" என்று ஆடிக் காட்டினார். ஏழாவது நகர்த்தலில் பிஷப் ஈ2-க்குப் பின்வாங்கிய இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, "காம்பிட் ஆடுகிறவர் பின்வாங்குகிறார், பாருங்கள்!" என்றார். மீதியைக் காட்டுவதற்குள் அடுத்த சுற்றுக்காக நடுவர் எங்களை எழுப்பிவிட்டார்.

அரூர்க்காரர்:

பெரியவர் கேஸ்லிங் செய்ததில்தான் பிடியை விட்டார். ஏழாவதாக ராணியை பி3-இல் வைத்திருந்தால் லாஸ்கர் வழிக்கே இடமில்லை. கறுப்பு ராணி டி7-இல் நின்று எஃப்7-ஐக் காவல் காக்க வேண்டியதுதான். தர்மபுரியில் பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் அப்படித்தான் ஆடினாள். அவளுக்கு நேரம் தீர்ந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் பி4 வந்தால் சிப்பாயைத் தொடுவதே இல்லை. பிஷப்பை நேராக பி6-க்கு ஒதுக்கிவிடுகிறேன். கோழை என்று சொல்லுங்கள், பரவாயில்லை.