பழைய டிராக்டர்: சூடானால் லிஃப்ட் இறங்குகிறது, பாக்கிப் பணத்தைக் கொடுக்கலாமா?

திட்டுவிளை_வயல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல்வயல். பக்கத்து வயல்காரர்களுக்கும் கூலிக்கு உழலாம் என்று அம்மாவின் நகையை அடகு வைத்து, ஆவணியில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தரகர் மூலம் 2013 மாடல் 40 எச்பி வண்டியை 3,40,000 ரூபாய்க்குப் பேசி, 2,80,000 கொடுத்து எடுத்து வந்தேன். பெயின்ட் புதுசு, பின் டயர் புதுசு, ஒரே ஸ்டார்ட்டில் எடுத்தது, ஹவர் மீட்டரில் 2,900 மணி.

இப்போது கும்பப்பூ சாகுபடிக்குத் தொளி அடிக்க (சேறாக உழ) கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இறக்கினால், முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது. வண்டி சூடானதும் லிஃப்ட், பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) மேலே தூக்க மறுக்கிறது, தூக்கினாலும் மெல்ல இறங்கிவிடுகிறது. ஆற விட்டால் திரும்பச் சரியாகிறது. லிஃப்ட்டுக்கும் அதே ஆயில்தான் என்பதால் கியர்பாக்ஸ் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன், பால் சாயா நிறம். பட்டறையில் லிஃப்ட்டுக்கு ஆயில் தள்ளும் பம்பு போய்விட்டது, இறக்கிப் பார்க்க 40,000 ஆகும் என்கிறார்கள். தரகர் மீதி 60,000 கேட்டு தினமும் கூப்பிடுகிறார். என்ன செய்வது?

பழைய_பட்டறை:
தம்பி, பம்பைத் தொட வேண்டாம், முதலில் தண்ணீரைப் பாருங்கள். ராத்திரி முழுக்க வண்டியை ஆட்டாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை இரண்டு திருகு மட்டும் தளர்த்துங்கள். ஆயில் வருவதற்கு முன் தண்ணீர் வந்தால் வயலில் இருந்து உள்ளே ஏறியிருக்கிறது. சேற்றில் ஓடும் வண்டிக்குப் பின் ஆக்சில் ஆயில் சீல் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும், கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தாலும் ஏறும். தண்ணீர் கலந்த ஆயில் சேறு பிடித்து, பம்புக்கு ஆயில் போகும் வழியில் இருக்கும் சல்லடையை அடைத்துக்கொள்ளும், அப்புறம் பம்பு நல்லதாக இருந்தாலும் இழுக்காது. அதனால் முதலில் ஆயிலை முழுக்க வடித்து, சல்லடையைக் கழுவி, சீல் மாற்றி, கம்பெனி சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள். 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும், செலவுதான், ஆனால் 40,000 இல்லை. அதற்குப் பிறகும் சூட்டில் இறங்கினால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு பம்பா சிலிண்டர் சீலா என்று முடிவு பண்ணலாம். பிரஷர் கேஜ் மாட்டாமல் பம்பு என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இன்ஜின் ஆயில் ஸ்டிக்கும் தனியாகப் பாருங்கள். அதிலும் பால் நிறம் இருந்தால் அது வேறு பெரிய வேலை.

தோவாளை_டிரைவர்:
எனக்கு 2,900 மணி மேல் நம்பிக்கை இல்லை. நான் அஞ்சு வருஷம் செங்கல் சூளைக்கு லோடு அடித்தவன், அந்த வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து விற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னால் டிரெய்லர் மாட்டும் ஹூக்கின் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவில் இழுபட்டிருக்கிறதா பாருங்கள். கிளட்ச் பெடல், பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள், மீட்டரை மாற்றுவார்கள், பெடலை மறந்துவிடுவார்கள். வண்டி பார்க்கப் போன அன்று இன்ஜினைத் தொட்டுப் பார்த்தீர்களா? முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் எந்த வண்டியும் ஒரே ஸ்டார்ட்டில் எடுக்கும். லிஃப்ட்டும் அப்படித்தான், கெட்டியான ஆயிலை ஊற்றி வைத்தால் பத்து நிமிஷத்தில் யாருக்கும் தெரியாது.

குமரி_அக்கா:
தம்பி, எல்லாரும் ஆயிலைப் பற்றியே பேசுகிறார்கள். ஆர்சி (வண்டியின் பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது? அதில் பேங்க் கடன் ஏதும் இருக்கிறதா? அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். கடன் இருந்தால் பேங்கின் தடையில்லாச் சான்றும், ஆர்சியில் இருந்து கடனை நீக்க ஃபார்ம் 35-ம் வேண்டும், பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30-ல் விற்றவர் கையெழுத்து வேண்டும். எங்கள் வீட்டில் இதைக் கேட்காமல் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு, விற்றவர் கட்டாத கடனுக்காக பேங்க் ஆட்கள் வந்து நின்றபோது என் வீட்டுக்காரர் அழுததைப் பார்த்தேன். 60,000 இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள், ஆயில், லிஃப்ட் வீடியோவோடு. விற்பதையே தொழிலாகச் செய்பவர் என்றால் இரண்டு வருஷத்துக்குள் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சொந்த வண்டியை விற்ற தனி ஆள் என்றால் அங்கே நிற்காது, சிவில் கோர்ட்டுதான்.

திட்டுவிளை_வயல்:
எல்லாருக்கும் நன்றி. காலையில் போல்ட்டைத் தளர்த்தினேன், அரை லிட்டருக்கு மேல் கலங்கல் தண்ணீர்தான் வந்தது. இன்ஜின் ஆயில் கறுப்பு, பால் நிறம் இல்லை. ஹூக் ஓட்டை நீளமாகத்தான் இருக்கிறது, டிரைவர் அண்ணன் சொன்னது சரி. ஆர்சியில் ஒரு பேங்க் பெயர் அப்படியே இருக்கிறது, தரகர் இதைச் சொல்லவே இல்லை. சான்றும் கையெழுத்தும் வந்தால்தான் பாக்கி, அதிலும் சீல், ஆயில் செலவைக் கழித்துத்தான் என்று எழுதி அனுப்பிவிட்டேன். நாற்று 18 நாள் ஆகிவிட்டது, இந்த உழவுக்கு வாடகை வண்டிதான்.

பழைய_பட்டறை:
சீல் மாற்றும்போது ஆக்சில் பேரிங் ஆட்டம் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள் தம்பி, பேரிங் ஆடினால் புது சீலும் ஒரு பூவுக்குக்கூட (ஒரு சாகுபடிக்குக்கூட) நிற்காது.