ஜாவா: ஃபோல்டரை லூப்பில் ஓட்டினால் நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்

கேள்வி:
ஃபைல் கிளாஸின் லிஸ்ட்ஃபைல்ஸ் தரும் அரேயை ஃபார்-ஈச்சில் ஓட்டுகிறேன். சில பாதைகளுக்கு மட்டும் லூப் வரியிலேயே நல்பாயின்டர்எக்ஸெப்ஷன். ஃபோல்டர் காலி என்றால் லூப் பேசாமல் தாண்டிப் போக வேண்டாமா?

பதில் 1:
காலி ஃபோல்டருக்கு நீளம் 0 உள்ள அரே வரும், அது தாண்டிப் போகும். அந்தப் பாதை ஃபோல்டரே இல்லை, அல்லது படிப்பதில் பிழை (அனுமதி இல்லாததும் சேர்த்தி) என்றால்தான் ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) வரும். ஃபார்-ஈச் அதைச் சோதிக்காது. அரே என்றால் நேராக லெங்த் கேட்கும். லிஸ்ட் என்றால் இட்டரேட்டரை அழைக்கும். இரண்டும் அங்கேயே உடையும்.

பதில் 2:
ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் ரிக்வயர்நான்நல்எல்ஸ் இருக்கிறது, ஜாவா 9 முதல். ‘நல்’ வந்தால் காலி அரே கொடுத்துவிடுங்கள்.

பதில் 3:
இந்த இடத்தில் ‘நல்’லுக்குப் பதில் காலி அரே வேண்டாம். அனுமதிப் பிழையும் "ஃபைல் எதுவும் இல்லை" ஆகிவிடும், பிறகு தேடித் தேடி அலைய வேண்டும். ஜாவா 8-இல் வந்த ஃபைல்ஸ்.லிஸ்ட் ‘நல்’ தராது, காரணத்தோடு ஐஓஎக்ஸெப்ஷன் எறியும். ட்ரை-வித்-ரிசோர்சஸுக்குள் (வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் ட்ரை) எழுதுங்கள், இல்லையேல் அது தரும் ஸ்ட்ரீம் மூடாமல் கிடக்கும்.

நீங்களே எழுதும் மெத்தட் என்றால் கலெக்ஷன்ஸ்.எம்ப்டிலிஸ்ட்டைத் திருப்பலாம். ஆனால் அது மாற்ற முடியாத காலி லிஸ்ட், வாங்கும் கோடு அதில் எதையாவது ஆட் செய்தால் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்ஸெப்ஷன்தான்.