அப்டேட்: வேலூர்ல சுயேச்சையா எம்பி எலெக்‌ஷன்ல நிக்கறது பத்தி

எங்க குடியாத்தம் தம்பி ஒருத்தன் அடுத்த எம்பி எலெக்‌ஷன்ல சுயேச்சையா நிக்கணும்னு சொல்றான், என்னென்ன வேணும்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விசாரிச்சதுல தெரிஞ்சத சொல்றேன்.

வயசு 25 ஆகியிருக்கணும், டெபாசிட் 25,000 ரூபா, எஸ்சி எஸ்டின்னா 12,500. இதெல்லாம் பெரிய விஷயம் இல்ல. முன்மொழியறவங்கதான் முக்கியம். அங்கீகாரம் உள்ள கட்சின்னா ஒருத்தர் கையெழுத்து போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேணும், அந்த 10 பேரும் இதே தொகுதி வோட்டர் லிஸ்ட்ல இருக்கணும். இங்கதான் நம்மாளுங்க ஏமாந்துடுவாங்க, காட்பாடி வேலூர் பக்கத்துலயே இருந்தாலும் எம்பி எலெக்‌ஷனுக்கு அது அரக்கோணம் தொகுதி, அங்க இருக்கற மாமா மச்சான் கையெழுத்து செல்லாது. ஆம்பூர், வாணியம்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் ஆளுங்கன்னா ஓகே. வேட்பாளருக்கு மட்டும் அப்படி இல்ல, நாட்டுல எந்த தொகுதில ஓட்டு இருந்தாலும் நிக்கலாம்.

மனு 4 செட் வரைக்கும் போடலாம், டெபாசிட் ஒண்ணுதான், அதனால வேற வேற 10 பேர வச்சு இன்னொரு செட்டும் போடச் சொல்லியிருக்கேன், ஒண்ணு தள்ளுபடி ஆனாலும் இன்னொண்ணு நிக்கும். செலவுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட், மனு தாக்கலுக்கு முந்தின நாளாவது ஓபன் பண்ணிடணும். ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள செலவு கணக்கு குடுத்தே ஆகணும், தோத்தாலும்தான், இல்லன்னா 3 வருஷம் நிக்கவே முடியாம தகுதி நீக்கம் பண்ணலாம்.

2019ல நம்ம தொகுதில பணப் புழக்கத்தால எலெக்‌ஷனே ரத்தாகி ஆகஸ்ட்லதான் நடந்துச்சு, அதனாலயே காசு குடுக்காம ஒருத்தன் நிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வேலூர் தொகுதிக்குள்ள ஓட்டு இருந்து கையெழுத்து போட இஷ்டம் இருக்கறவங்க இங்கயே சொல்லுங்க.