மஞ்சள் கேசட் முதல் எவர்டிரைவ் வரை: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் வீட்டு டிவி கேமோடு வந்த மஞ்சள் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கேம்தான். 47-ஐ அமுக்கினாலும் கான்ட்ரா, 812-ஐ அமுக்கினாலும் கான்ட்ரா. ஒன்றில் முப்பது லைஃப், இன்னொன்று மூன்றாவது ஸ்டேஜில் தொடங்கும். அவ்வளவுதான்.

அந்த ஏமாற்றத்தைத் தீர்க்கத்தான் எவர்டிரைவ் என்8 வாங்கினேன். நாமே கேம்களை ஏற்றிக்கொள்ளும் கேசட் (ஃப்ளாஷ் கேசட்) இது. உக்ரைனைச் சேர்ந்த கிரிக்ஸ் என்பவர் உருவாக்கியது. கேம் ஃபைல்களை மெமரி கார்டில் போட்டுச் செருகினால் போதும். ஆனால் இதில் இரண்டு வகை: நிண்டெண்டோவின் ஜப்பான் கேம் பெட்டியான ஃபேமிகாமுக்கு 60 பின் (கேசட்டின் இணைப்புக் கம்பிகள்), அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கு 72 பின். நம் ஊர் டிவி கேம் ஃபேமிகாமின் நகல், எங்கள் பெட்டி 60 பின். இது தெரியாமல் 72 பின் வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்துச் செருகப் பார்த்தால் வாயைவிட கேசட் அகலம்! ஊதினால் மட்டும் உள்ளே போய்விடுமா? மாற்றி வாங்க ஒரு மாதம் ஆனது.

அந்தக் காலக் கேசட்டுகளில் கேமின் தரவைப் பெட்டிக்குப் பகுதி பகுதியாக எடுத்துக் கொடுக்கும் ‘மேப்பர்’ சர்க்யூட் கேமுக்குக் கேம் வேறு வேறு. என்8-க்குள் இருக்கும் எஃப்பிஜிஏ (உள் சர்க்யூட்டை மாற்றி அமைக்கக்கூடிய) சிப், நாம் தேர்ந்தெடுக்கும் கேமுக்கு ஏற்ற மேப்பராக மாறிக்கொள்ளும். கொனாமி என்ற கேம் நிறுவனத்தின் விஆர்சி6 சிப் வைத்த கேம்களில் கேசட்டே தன் பங்குக்கு மூன்று சேனல் இசை சேர்க்கும். எங்கள் பழைய பெட்டியில் அது மட்டும் கேட்கவே இல்லை, பாட்டு பாதியாக ஓடியது. நண்பனின் அசல் ஃபேமிகாமில் போட்டபோதுதான் முழுசாகக் கேட்டேன்.

*

அண்ணே, ரீசெட் கதையை விட்டுவிட்டீர்களே! நிண்டெண்டோ 64-க்கு நான் வாங்கிய ஃப்ளாஷ் கேசட்டில், ரீசெட் அமுக்கினால்தான் நாம் சேவ் செய்தது மெமரி கார்டில் பதியும். கையேட்டில் எழுதித்தான் இருந்தது, யார் படித்தார்கள்? ஒக்கரினா ஆஃப் டைம் கேமில் வாட்டர் டெம்பிள் என்ற கட்டத்தோடு நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி முடித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், பழக்க தோஷத்தில் பவரை அணைத்துவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது பவர் சுவிட்ச் மேல் ஒரு துண்டு டேப், அதில் பேனாவால் ‘ரீசெட்’.

*

எனக்கு நடந்தது வேறு மாதிரி. கையடக்க நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு வாங்கிய ஒரு போலி ஃப்ளாஷ் கார்டு இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் காலையில் மெனுவே வரவில்லை. செத்துவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த மாதிரிக் கார்டுகள் சிலவற்றின் மென்பொருளில் குறிப்பிட்ட தேதியோடு நின்றுபோகும்படி வைத்திருப்பார்களாம். டிஎஸ்ஸின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினேன், உயிர் வந்துவிட்டது. என் டிஎஸ்ஸில் இன்னும் 2012தான் நடக்கிறது.