137ஆம் சங்கீதத்தின் கடைசி மூன்று வசனங்களை வழிபாட்டில் விடலாமா?

வாசகி மேரி: எங்கள் கத்தோலிக்கத் திருப்பலியில் மூன்றாண்டு வாசக வரிசையின் இரண்டாம் ஆண்டில், தவக்காலம் 4ஆம் ஞாயிறுக்கு 137ஆம் திருப்பாடல்தான் (நீங்கள் சங்கீதம் என்பது) பதிலுரைப் பாடல். 6ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுவோம். 7 முதல் 9 வரை, குருக்களும் துறவிகளும் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலை ஜெபநூலிலும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த திருத்தத்தில், பகைவரைச் சபிக்கும் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும் அந்த நூலிலிருந்து முழுசாகவே எடுக்கப்பட்டன. சரியாகத்தான் செய்தார்கள். பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பேறுபெற்றவன் என்று நான் வாசிக்கும்போது, முதல் வரிசையில் என் மகள் கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

நெல்லை சாமுவேல்: அம்மா, எங்கள் சபையில் முழுசாக வாசிப்போம். எபிரேயத்தில் காது கொடுத்துப் பாருங்கள்: யாஷவ்னு, பாகீனு, தாலீனு... முதல் மூன்று வசனத்தில் ஒன்பது சொற்கள் ‘னு’ என்று முடிகின்றன. நாங்கள், எங்கள், எங்களை என்பதற்கான விகுதி அது. கின்னரம் என்ற நரம்பு வாத்தியத்தை அலரி மரத்தில் மாட்டிவிட்டு விம்முகிற சத்தம். எருசலேம் எரிந்து, பாபிலோனுக்குக் கைதியாக வந்த யூதர்கள் அவர்கள். அழுகையை வைத்துக்கொண்டு கோபத்தை வெட்டினால் அவர்களுக்கு நடந்ததையே பாதி மறைக்கிறோம். ‘நீ எங்களுக்குச் செய்தபடி’ என்று 8ஆம் வசனமே சொல்கிறதே!

எஸ்றா: யூதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரநாளில் சாப்பிட்டபின் நன்றி ஜெபத்துக்கு முன்னால் இந்தப் பாடல். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அதற்குப் பதில் 126ஆம் சங்கீதம்.

வாசகி மேரி: பாருங்கள், அவர்களே மகிழ்ச்சியான நாளில் இதைச் சொல்வதில்லை. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார், இங்கே குழந்தை என்றால் முளைவிடும் தீய ஆசை, கல் என்றால் கிறிஸ்து என்றார். அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. குழந்தை குழந்தைதான்.

நெல்லை சாமுவேல்: அதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் திருத்தத்தில் எடுத்துவிட்ட 109ஐ பேதுருவே அப்போஸ்தலர் 1:20இல் எடுத்துச் சொல்கிறார். அப்புறம், இது கத்தி எடுக்கிற பாட்டு அல்ல. ‘கர்த்தாவே, நினையும்’ என்று பழியை அவர் கையில் விடுகிறது.

வாசகி மேரி: தம்பி, அது 7ஆம் வசனம். 8லிருந்து கர்த்தரிடம் பேசவில்லை, நேராக பாபிலோனிடம் பேசுகிறது.

நெல்லை சாமுவேல்: உண்மைதான், அதை நான் கவனிக்கவில்லை. சரி, 7ஐயாவது வாசியுங்கள்.

வாசகி மேரி: 7ஐ வாசிக்க எனக்குத் தடையில்லை, பங்குத்தந்தையிடம் கேட்கிறேன். 9 என் வாயில் வராது.