அல்கேரோ நெப்டியூன் குகை: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போவது படிக்கட்டு வழியாகவா, படகிலா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மிலானில் வசிக்கும் நாங்கள், மதுரையிலிருந்து எங்களோடு தங்க வந்திருக்கும் என் தாயாரையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, செப்டம்பர் கடைசி வாரத்தில் சார்டினியா தீவின் வடமேற்கிலுள்ள அல்கேரோ நகருக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். அங்கிருந்து நெப்டியூன் குகையை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் முதல் நோக்கம். அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. சமதளத்தில் நன்றாகவே நடப்பார். ஆனால் முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருப்பதால் படிகள்தாம் அவருக்குச் சிரமம், அதிலும் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம்.

குகைக்குச் செல்ல இரண்டு வழிகள் இருப்பதாக அறிகிறேன்: செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து படிக்கட்டில் இறங்குவது ஒன்று, அல்கேரோ துறைமுகத்திலிருந்து படகில் செல்வது மற்றொன்று. படகில் சென்றால் படிகளை முற்றிலும் தவிர்த்துவிட முடியுமா, அல்லது குகைக்குள்ளும் ஏறி இறங்க வேண்டியிருக்குமா? கடல் சரியில்லாத நாளில் படகு ஓடாவிட்டால் சாலை வழியாகப் போய்ப் பார்த்துவிடலாமா? சீட்டுகளை இப்போதே வாங்கிவிடுவது நல்லதா?

இன்னொரு சிறு ஐயம். மகள் இணையத்தில் பார்த்த படங்களில் குகைத் தண்ணீர் அடியில் நீல விளக்கு எரிவதுபோல் ஒளிர்கிறது. அவள் அதைப் பார்க்கும் ஆவலில் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அது இந்தக் குகைதானா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சஸ்ஸாரி மாணவி:

வணக்கம். அல்கேரோவுக்கு அருகிலுள்ள சஸ்ஸாரியில் படித்துவருகிறேன். ஊரிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் வரும் உறவினரையும் நண்பர்களையும் அந்தக் குகைக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டதால், தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் படிக்கட்டு. எஸ்கலா தெல் கபிரோல் என்று அழைக்கப்படும் அந்தப் படிக்கட்டு 1954-இல் அமைக்கப்பட்டது. காப்போ காச்சா முனையின் செங்குத்தான சுண்ணாம்புப் பாறையைச் செதுக்கி, 654 படிகளாக, ஏறக்குறைய 110 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை இறங்குகிறது. காட்சி மிக அழகானது என்பதில் ஐயமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பாறைச் சுவர் ஒரு பக்கமும் திறந்த கடல் மறு பக்கமுமாக இருக்கும். ஆனால் அம்மாவுக்கு இறங்குவதுதான் சிரமம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 654 படிகள் இறங்கி, குகையைப் பார்த்துவிட்டு, அதே 654 படிகளையும் ஏறித் திரும்ப வேண்டும். நடுவில் வாகனமோ மின்தூக்கியோ கிடையாது. ஆகவே அம்மாவைப் பொறுத்தவரை இந்த வழியை நினைக்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

படகில் சென்றால் இந்தப் படிக்கட்டு முழுவதும் மிச்சமாகும். குகைவாயில் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. படகு பாறையை ஒட்டி வந்து நிற்கும், இறங்கியதும் வாயில். அந்த இறங்கும் கணத்தில்தான் கவனம் தேவை. அமைதியான நாளிலும்கூட அலையின் மூச்சுக்கேற்பப் படகு ஒரு சாண், இரு சாண் ஏறித் தாழும். படகுப் பணியாளர் கையைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே எழும் நொடியில் காலெடுத்து வைக்கச் சொல்வார். அம்மாவுக்கு முன்னால் நீங்கள் இறங்கி நின்று, அவருடைய மற்றொரு கையை வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்காத அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம். சேலை உடுத்தியிருந்தால் கொசுவத்தைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்வது நல்லது, ஏனெனில் அந்தப் பாறைமேடை பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும்.

குகைக்குள்ளும் படிகள் உண்டு. கான்கிரீட் பாதை, கைப்பிடி, விளக்கு எல்லாம் இருக்கின்றன. என்றாலும் அறைக்கு அறை ஏற்ற இறக்கம் இருக்கிறது, தரை ஈரம் கோத்திருக்கும். வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் நுழைந்தவுடன் லாமார்மோரா ஏரியின் கரையோரமாகப் பாதை செல்கிறது, அந்தப் பகுதியே குகையின் மிக அழகான பகுதி என்பது என் கருத்து. நூறு மீட்டருக்கு மேல் நீண்ட உப்புநீர் ஏரி. அசைவற்ற நீரில் தூண்கள் அப்படியே தலைகீழாக விழுந்திருக்கும். அம்மாவுக்குக் கால் வலித்தால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்டவற்றுள் மிக முக்கியமானது: கடல். படகு ஓடாத நாளில் சாலை வழியாகப் போய்விடலாம் என்று பலரும் நினைத்து, 24 கிலோமீட்டர் பயணம் செய்து, உச்சியில் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வாயில் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால், அலை உயரும்போது குகையையே மூடிவிடுகிறார்கள். படியில் வந்தவருக்கும் படகில் வந்தவருக்கும் அது ஒன்றுதான். இங்கே வடமேற்கிலிருந்து வீசும் மாயெஸ்த்ராலே காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குகை முனையின் மேற்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தக் காற்று எழுப்பும் அலை நேராக வாயிலில் வந்து மோதும். ஆனால் முனைக்குக் கிழக்கே உள்ள போர்த்தோ கோந்தே விரிகுடாவோ அதே நேரத்தில் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். விரிகுடாவைப் பார்த்துவிட்டு “கடல் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மூடினார்கள்?” என்று கேட்பவர்களை அடிக்கடி காண்கிறேன். காற்று அடங்கிய பிறகும் அலை ஓய ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அதனால் சீட்டை இப்போதே வாங்க வேண்டாம். தங்கும் நாட்களில் முதல் நாளையே குகைக்கென ஒதுக்கி, மற்ற நாட்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்; முதல் நாள் இயலாவிட்டால் அடுத்த நாள், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்த நாள். முந்தைய மாலை காற்றின் திசையையும் அலை உயரத்தையும் வானிலை அறிவிப்பில் பார்த்துவிட்டு, காலையில் குகை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்த பின் புறப்படுங்கள். படகுக் கட்டணமும் குகை நுழைவுக் கட்டணமும் தனித்தனி. படகுச் சீட்டு வாங்கிவிட்டதாலேயே குகைச் சீட்டும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

சுண்ணாம்புப்பாறை:

சஸ்ஸாரி மாணவி அவர்கள் எழுதியதில் மாற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. உங்கள் மகளின் கேள்விக்கு மட்டும் விடை எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அவள் தவறான எதிர்பார்ப்போடு போய் ஏமாற்றமடையக் கூடாது.

அவள் பார்த்த படம் பெரும்பாலும் நேப்பிள்ஸ் விரிகுடாவிலுள்ள காப்ரி தீவின் நீலக் குகையாக இருக்கும். அந்தக் குகையின் வாயில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் மட்டுமே உடையது. சிறு துடுப்புப் படகில் அனைவரும் மல்லாந்து படுத்துக்கொள்ள, படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து இழுத்து உள்ளே நுழைக்கிறார். அந்த வாயிலுக்குக் கீழே, நீருக்கடியில் அதைவிடப் பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. வெயில் அதன் வழியாக நீருக்குள் புகுந்து வரும்போது, சிவப்பு நிறக் கூறுகளை நீர் உறிஞ்சிக்கொள்ள, மிஞ்சிய நீலம் குகைக்குள் அடியிலிருந்து மேலெழுகிறது. நீரே ஒளிர்வதாகத் தோன்றுவது அதனால்தான். ரோமானியப் பேரரசன் திபேரியஸ் காலத்தில் அந்தக் குகை அரண்மனையைச் சார்ந்த நீராடுமிடமாக இருந்ததாகக் கருதுகிறார்கள். 1964-இல் அதன் அடித்தரையிலிருந்து ரோமானியச் சிலைகள் எடுக்கப்பட்டன.

நெப்டியூன் குகையின் அழகு முற்றிலும் வேறு வகைப்பட்டது. அங்கே ஒளியின் விளையாட்டு இல்லை. காலத்தின் வேலை இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் கசிந்து, கரைத்த சுண்ணத்தைத் துளித்துளியாகப் படியவிட்டு உருவாக்கிய தொங்கூசிப் பாறைகளும் தரையிலிருந்து எழும் கூம்புகளும், இரண்டும் கூடிய தூண்களுமே அங்கு காணத்தக்கவை. இவை காற்றுள்ள வெளியில்தான் உருவாகும். நீருக்கடியில் உருவாக வழியில்லை. ஆனால் இந்த முனையைச் சுற்றியுள்ள குகைகளில் இன்று கடலில் மூழ்கிக் கிடக்கும் தொங்கூசிகளும் இருக்கின்றன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இந்தக் குகைகள் கடலோரக் குகைகளே அல்ல, சமவெளிக்கு மேலிருந்த மலைக்குகைகள். பனி உருகி, கடல் ஏறி வந்து வாயிலைத் தொட்டிருக்கிறது. லாமார்மோரா ஏரிக்கரையில் நிற்கும்போது, நீருக்குள் இறங்கி மறையும் தூணின் அடிப்பகுதியைக் காட்டி இதை மகளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். நீல ஒளிக்குச் சற்றும் குறையாத வியப்பை அது தரும் என்று நம்புகிறேன்.

குகையின் மொத்த நீளம் நான்கு கிலோமீட்டர் அளவுக்குச் சொல்லப்படுகிறது. பார்வையாளருக்குத் திறந்திருப்பது சில நூறு மீட்டர் மட்டுமே. ஒரு காலத்தில் மத்தியதரைக் கடல் மங்க் சீல் என்னும் கடல்நாய்கள் இங்கே ஒதுங்கி வாழ்ந்தன. கடல்நாய் இப்போது இல்லாவிட்டாலும், இந்த முனையைச் சுற்றிய கடல் 2002 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கிறது என்பது நிறைவு தருகிறது. ஒரு வேண்டுகோளும் உண்டு: பாறைகளைத் தொட வேண்டாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். விரலிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கு படிந்த இடத்தில் சுண்ணம் மேற்கொண்டு படியாது. கைப்பிடிக்கு எட்டும் தூரத்தில் உள்ள தூண்கள் கறுத்திருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

கடல்வழி:

சற்று வேறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். அம்மாவின் முழங்காலும் மகளின் நீலமும் இரண்டுமே முக்கியம் என்றால், சார்டினியாவுக்குப் பதிலாக மால்டாவை நினைத்துப் பார்க்கலாம். அங்கே வியேத் இஸ்-ஸுரீக் என்னும் சிறு துறையிலிருந்து படகில் ஏறினால், பாறை வளைவுகளையும் குகைகளையும் படகிலிருந்தபடியே பார்த்து அரைமணிக்குள் திரும்பிவிடலாம். குகைக்குள் நடக்கவே வேண்டியதில்லை. முற்பகல் வெயிலில் வெண்மையான அடித்தரையில் பட்டு எழும் நீலம் மிக அழகானது. அருகிலேயே ஹஜர் இம், ம்னைத்ரா என்னும் கற்காலக் கோயில்களும் இருக்கின்றன. மால்டாவும், ஒரே விசாவில் பல நாடுகளுக்குச் செல்ல இயலும் ஷெங்கன் பகுதிதான். ஆயினும் அம்மாவின் விசா எத்தனை நாள் தங்க அனுமதிக்கிறது என்பதை ஒருமுறை சரிபாருங்கள். அங்கும் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காப்ரியை மட்டும் அம்மாவுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கடல் வழியாகச் சென்றால் நடுக்கடலில் பெரிய படகிலிருந்து ஆடும் துடுப்புப் படகுக்கு மாறி, உடனே அடித்தளத்தில் சாய்ந்து படுக்க வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது படிக்கட்டைவிடக் கடினம்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மால்டாவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்கிறோம். விமானச் சீட்டு ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்பது ஒருபுறமிருக்க, கடல் ஏறி வந்து மலைக்குகையைத் தொட்ட கதையைப் படித்துக் காட்டியதும் மகள் இந்தக் குகையையே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அம்மாவும் ஏரிக்கரை வரை வந்தால் போதும் என்கிறார். படகில்தான் செல்கிறோம்.

மேலும் இரண்டு கேள்விகள். அம்மாவுக்குக் கடல் பயணம் பழக்கமில்லை; அல்கேரோவிலிருந்து செல்லும் படகு எவ்வளவு நேரம் ஓடும், அதைவிடக் குறுகிய வழி உண்டா? குகை எல்லா நாட்களிலும் மூடியே இருந்துவிட்டால், அம்மா நடக்கக்கூடிய இடமாக அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

சஸ்ஸாரி மாணவி:

அல்கேரோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டுக் குகையைப் பார்த்துத் திரும்ப மொத்தம் இரண்டரை மணி நேரம் அளவுக்கு ஆகும். உங்களிடம் வாடகைக் கார் இருக்குமானால், போர்த்தோ கோந்தே விரிகுடாவின் மேற்குக் கரையிலுள்ள காலா த்ராகுனாராவிலிருந்து புறப்படும் படகைத் தேர்ந்தெடுங்கள். குகைக்கு மிக அருகில் இருப்பதால் கடலில் செல்லும் நேரம் மிகக் குறைவு. முனையைச் சுற்றித் திறந்த கடலுக்கு வரும் சிறு பகுதியில்தான் ஆட்டம் தெரியும். செப்டம்பர் இறுதியில் படகுகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும் என்பதால், அந்த வாரத்துக்கான நேரங்களை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலைப் படகே நல்லது. பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும் நாட்கள் இங்கே மிகுதி. அம்மா வெறும் வயிற்றோடும் வரக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டும் வரக் கூடாது. குமட்டலுக்கான மாத்திரையை அவருடைய மருத்துவரிடம் கேட்டு, படகேறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். படகின் பின்பகுதியில், கண்ணுக்குத் தொடுவானம் தெரியும் இடத்தில் அமரவையுங்கள்.

குகை மூடியிருந்தாலும் காப்போ காச்சா சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். படிக்கட்டுக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்திலேயே ஒரு பார்வை மேடை இருக்கிறது. எதிரே இசோலா ஃபொராதாதா என்னும் துளையுள்ள தீவும், அதன்மேல் மோதி உடையும் அலையும் தெரியும். எந்தக் காற்று குகையை மூடவைத்ததோ அந்தக் காற்றில்தான் இந்தக் காட்சி உச்சத்தில் இருக்கும். காரிலிருந்து இறங்கி ஒரு சில அடிகள் நடந்தால் போதும். அம்மாவுக்கு ஒரு சால்வை மட்டும் எடுத்து வாருங்கள், மகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியிலேயே பால்மவேரா நுராகே இருக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கற்கோபுரமும் அதைச் சுற்றிய குடியிருப்பின் அடித்தளங்களும் வெட்டவெளியில் கிடப்பதால், அம்மா தம் போக்கில் சுற்றிப் பார்க்கலாம். மாலையில் அல்கேரோவின் பழைய கோட்டைச் சுவரோரமாக நடக்க அகலமான சமதளப் பாதை இருக்கிறது, உட்கார இடங்களும் உண்டு. 1354-இல் இன்றைய ஸ்பெயினிலிருந்த அரகோன் நாட்டின் அரசன் ஊரைக் கைப்பற்றி, கட்டலான் மொழி பேசும் மக்களைக் குடியமர்த்தியதால், இன்றும் தெருப் பெயர்ப் பலகைகள் இத்தாலிய மொழியோடு கட்டலானிலும் எழுதப்பட்டிருப்பதை அங்கே காணலாம்.

எந்த நாளில் வருகிறீர்கள் என்று முடிவானதும் இந்த இழையிலேயே எழுதுங்கள். அந்த வாரத்தின் காற்று எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.