டலானிகா கல் குவியலும் ஊர்ப் பலகைகளும்: நீங்கள் பார்த்தது என்ன?

அட்லாண்டாவாசி:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பழைய தங்க ஊரான டலானிகாவுக்கு வடக்கே ஒன்பது மைல், 19-ஆம் எண் சாலையும் 60-ஆம் எண் சாலையும் பிரியும் முக்கு. இந்தப் பக்கம் சுற்றியவர்களுக்கு அந்தக் கல் குவியல் தெரியும். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான செரோக்கிகளின் இளவரசி ட்ராலீட்டாவின் சமாதி, போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டால் நல்லது நடக்கும் என்கிறது பலகை. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலே ஒரு பெரியவர் இறங்கினார். வண்டியிலேயே கொண்டுவந்திருந்த கல்லைக் குவியலில் வைத்தார். எறியவில்லை, குனிந்து வைத்தார். பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. "நிஜமாவே அவங்க சமாதிதானா?" என்று கேட்டுவிட்டேன். "எங்க அப்பா வைப்பார்" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். அது பதிலா, மழுப்பலா என்று இன்னும் பிடிபடவில்லை.

செங்கல்:
இளவரசியாவது! செரோக்கிகளுக்கு அரச வம்சமே கிடையாது, தாய்வழிக் குலங்கள்தான். இளமை தரும் ஊற்று, சூனியக்காரி, அவளைக் கடத்திப்போன வாசேகா எல்லாம் அந்தப் பலகையில் உண்டு. அந்த மக்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இல்லை.

எனக்கு உறுத்துவது சதுக்கத்துப் பழைய நீதிமன்றம். 1836-இல் கட்டியது, இப்போது தங்க அருங்காட்சியகம். சுவர்ச் செங்கல்லிலேயே தங்கத் துகள் இருக்கிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். 'முதல் குடியேறிகள்' வந்த விதம் தெரியுமா? 1832-இல் ஜார்ஜியா அரசு லாட்டரி நடத்தி, தங்கம் இருந்த நிலத்தை 40 ஏக்கர் துண்டுகளாகக் கொடுத்தது. அதில் செரோக்கிகள் அப்போதும் குடியிருந்தார்கள். அதே ஆண்டு, செரோக்கி நாட்டுக்குள் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலம் காதில் வாங்கவில்லை.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இந்த ஊரில் அடித்த தங்கக் காசுகள், டலானிகாவைக் குறிக்கும் 'டி' முத்திரையோடு. முதல் காசில் 1838 என்று இருக்கிறது. பட்டாளம் செரோக்கிகளை மேற்கே, இப்போதைய ஓக்லஹோமாவுக்கு ஓட்டிப்போன அதே வருடம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இப்போது என்ன விலை போகும் என்றுதான் கேட்டார்கள். எனக்கு அந்த நான்கு எண்களைத் தாண்டிக் கண் போகவில்லை.

வண்டிக்காரர்:
ஆரேரியா போனீர்களா? தங்க வேட்டையில் டலானிகாவுக்குப் போட்டியாக இருந்த ஊர், 1833-இல் செய்தித்தாள்கூட வந்தது. 'சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்றது மேப். சுற்றிப் பார்த்தால் பலகை, சாலை, ஓரிரண்டு பழைய கட்டடம். ஊர் எங்கே என்று நானும் மனைவியும் முழித்தோம்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயம். அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் தங்க வேட்டைத் திருவிழா, சதுக்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கல் குவியல் இருப்பது சாலைகள் சந்திக்கும் இடம், வளைவில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பறப்பார்கள், பிள்ளைகள் கையை விடாதீர்கள். கன்சாலிடேட்டட் என்ற பழைய தங்கச் சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். சட்டியில் மண்ணை அலசும்போது அவசரப்படாதீர்கள், தங்கம் அடியில்தான் தங்கும். திரும்பும்போது அமிகலோலா அருவி, 729 அடி. படி ஏற முடியாதவர்கள் மேலே வரை வண்டியிலேயே போகலாம். புளியோதரை கட்டிக்கொள்வது உத்தமம்.

மதுரைப்பொண்ணு:
யாரும் வழி கேட்கவில்லையே அண்ணா :)

செங்கல், இளவரசி கதை கதைதான். அதற்காக அந்தப் பெரியவர் வைத்த கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். நான் அங்கே கல்லூரியில் படித்தேன். தங்கத் தகடு போட்ட கோபுரக் கட்டடம் நிற்பது அந்தக் காசுகளை அடித்த பழைய நாணயச் சாலையின் அஸ்திவாரத்தில். நாணயச் சாலை 1861-இல் மூடியது, 1878-இல் எரிந்தது. ஓக்லஹோமாவிலிருந்து வந்த செரோக்கித் தோழி ஒருத்திக்கு ஊரைச் சுற்றிக் காட்டினேன். ஒவ்வொரு பலகையாக நான் படிக்க, அவள் சும்மா வந்தாள். கடைசியில், "எங்க பக்கம் ஸ்டில்வெல் கிட்ட டலானிகானு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. இந்தப் பேரை நாங்க கூடவே கொண்டு போயிட்டோம்" என்றாள். என் கையில் இருந்த ஊர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கல் குவியலுக்கும் கூட்டிப்போனேன். அவளும் ஒரு கல் வைத்தாள், என்ன நினைத்து என்று நான் கேட்கவில்லை.

செங்கல்:
கல் வைப்பதை நான் எங்கே தள்ளினேன்? பலகையை மாற்றி எழுதச் சொல்கிறேன். உங்கள் தோழி சொன்னதில் ஒரு வரி அதில் இருந்தால், நான் பேசாமல் இருந்திருப்பேன்.